பினாங்கில் அக்குபங்சர் படித்த ஆறு மாதங்கள்

நான் ஃபிசியோ. வீடு பட்டர்வொர்த்தில். பதினான்கு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். பக்கவாதம் வந்த மாமாவைக் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனைக்கு அழைத்துப் போன பிறகுதான் அக்குபங்சர் படிக்கும் ஆசை வந்தது. அங்கே 2007-லிருந்தே பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்கும் ஊசி வைக்கிறார்கள். மாமாவுக்குக் கை முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் தோள் வலியால் என்னைக் கையைத் தொடவே விடாத மனிதர், ஊசி வைத்துக்கொண்டு வந்த நாட்களில் தூக்க விட்டார். அது ஊசியால்தானா என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

ஜார்ஜ்டவுனில் சுகாதாரப் பணியாளர்களுக்கென்று 200 மணி நேரப் பயிற்சி நடப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனியும் ஞாயிறும். காலையில் ஃபெரி ஏறி, வெல்ட் கீயில் இறங்கி, லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு நடந்தே வகுப்புக்குப் போய்விடுவேன். டாக்டர்கள், தாதிகள், என்னைப் போல் ஃபிசியோக்கள் என்று பன்னிரண்டு பேர். தமிழ் நான் மட்டும். பாடம் நடத்திய லாவ்ஷி (மண்டரினில் ஆசிரியர்) எழுபதைத் தொட்டவர். மண்டரினில் ஆரம்பிப்பார், மலாயில் முடிப்பார்.

முதல் மாதம் பெயர்களோடு போராட்டம். உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஊசி வைக்கும் புள்ளிகள் 361. தாய்சி, தாய்பாய், தாய்சொங் மூன்றும் காலில் இருக்கின்றன, மூன்றும் எனக்கு ஒரே மாதிரி கேட்டன. லாவ்ஷியிடம் அர்த்தம் கேட்டுத் தமிழில் எழுதி வைக்கத் தொடங்கிய பிறகுதான் மனதில் நின்றன. நெய்குவான் என்றால் உள்வாசல், பாய்ஹுய் நூறும் கூடும் இடம், அதாவது உச்சந்தலை. ஜூசன்லி கால் மூன்று லீ. லீ என்பது சீனர்களின் தூர அளவு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனத் தாதி என் நோட்டைப் பார்த்துவிட்டு, தனக்கே இந்த அர்த்தமெல்லாம் யோசிக்கத் தோன்றியதில்லை என்றாள்.

ஊசியை முதலில் டாய்லெட் பேப்பர் உருளையில் குத்தினோம், அப்புறம் ஆரஞ்சுப் பழத்தில், அப்புறம் அவரவர் காலில். 0.25 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஊசி, குழாய்க்குள்ளிருந்து தட்டினால் தோலைத் தாண்டுவதே தெரியாது. உள்ளே போன பிறகு வரும் கனமும் மதமதப்பும்தான் 'தெ சி'. குத்துகிறவர் விரலுக்கும் அது தெரியும், தூண்டிலை மீன் கவ்வுவதுபோல் இருக்கும் என்று லாவ்ஷி சொன்னார். எனக்கு ஐந்தாவது வகுப்பில் தெரிந்தது. ஊசியை யாரோ உள்ளிருந்து மெல்லப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அன்று ஃபெரியில் திரும்பும்போது விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாதுகாப்புக்கு அவர் ஒதுக்கிய நேரம் அதிகம். எத்தனை ஊசி வைத்தோமோ அத்தனையும் எண்ணி எடுக்க வேண்டும். யாருக்காவது மயக்கம் வந்தால் முதலில் எல்லா ஊசியையும் எடுத்துவிட்டுப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கையில் இருக்கும் ஹெகு, காலில் இருக்கும் சன்யின்ஜியாவ் என்ற புள்ளிகளில் ஊசி கூடாது. தோள்மேட்டில் இருக்கும் ஜியான்ஜிங்குக்கு நேர் கீழே நுரையீரலின் நுனி இருக்கிறது. ஆழம் தப்பினால் நெஞ்சுக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். உடற்கூறு படித்த எங்களுக்கு இது சுலபமாகப் புரிந்தது. உடற்கூறு தெரியாத ஒருவர் வார இறுதி வகுப்பில் இதைக் கற்றுக்கொண்டு ஊசி எடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

நான்காவது மாதம் ஒரு விஷயம் தெரிந்து இடிந்து போனேன். சேரும்போது அந்த நிலையத்தில், சான்றிதழ் வந்ததும் சொந்தமாகவே ஊசி வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டியிருந்தேன். கூடப் படித்த டாக்டர் ஒருவர்தான், "எந்தச் சட்டத்தில் பதிவு பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். 2016-இல் மலேசியாவில் அடுத்தடுத்து இரண்டு சட்டங்கள் வந்தன. ஃபிசியோக்கள் 774-ஆம் சட்டத்தில் வருகிறோம். பாரம்பரிய, நிரப்பு மருத்துவம் 775-இல் வருகிறது. சீன மருத்துவராக ஊசி வைக்க வேண்டுமானால் அந்த 775-ஆம் சட்டத்தின் கீழ் இருக்கும் மன்றம் அங்கீகரித்த தகுதியோடு அங்கே பதிய வேண்டும். இந்த 200 மணி நேரம் அந்தத் தகுதி ஆகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டியே, மருத்துவம் படித்தவர்களின் சுருக்கப் பயிற்சிக்குத்தான் 200 மணி நேரம் சொல்கிறது. மருத்துவர் அல்லாதவர் முழு அக்குபங்சர் மருத்துவராக 2500 மணி நேரம். நிலையத்தில் போய்க் கேட்டேன். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. சேர நினைப்பவர்கள் தயவுசெய்து பணம் கட்டுவதற்கு முன் மன்றத்திடமே கேளுங்கள்.

விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். விரலில் அந்த மீன் கவ்வியது நினைவுக்கு வந்தது. தொடர்ந்து போனேன்.

செய்முறைத் தேர்வில் முதல் தடவை தோற்றேன். இருபது புள்ளிகளைப் படுத்திருப்பவர் உடம்பில் குறிக்க வேண்டும். நான் உயரம், விரல்களும் நீளம். படுத்திருந்த பெண்மணி ஐந்தடிக்கும் குறைவு. முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் வைத்து ஜூசன்லியைக் குறித்தேன். லாவ்ஷி குனிந்து பார்த்துவிட்டு, "ஜாரி சியாப்பா?" என்றார். யாருடைய விரல்? அளவு எப்போதும் நோயாளியின் விரலில்தான். ஆறு மாதம் கேட்ட பாடம். பதற்றத்தில் என் விரலை வைத்துவிட்டேன். அதே தவற்றால் காலில் ஆறு புள்ளிகள் தள்ளிப் போயிருந்தன.

மறுதேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. பாவாடைக்குக் கோக்கும் எலாஸ்டிக் நாடா ஒன்றை எடுத்துப் பன்னிரண்டு சம பங்காகக் கோடு போட்டேன். சுன் என்பது அவரவர் உடம்பை வைத்தே எடுக்கும் சீன அளவு, அவரவர் கட்டைவிரல் அகலம் ஒரு சுன். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை யாருக்கும் பன்னிரண்டு சுன். நாடாவை இழுத்துப் பிடித்தால் எந்தக் கைக்கும் பொருந்தும். மணிக்கட்டிலிருந்து இரண்டாவது கோட்டில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே நெய்குவான். அம்மா, தம்பி, தம்பியின் எட்டு வயது மகன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்று எல்லார் கையிலும் பால்பேனாவால் புள்ளி வைத்தேன். சின்னவன் கையில் இரண்டு சுன் என் இரண்டு கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அப்போதுதான் அந்தப் பாடம் எனக்குள் இறங்கியது. மறுதேர்வில் பத்தொன்பது சரி.

சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது. மருத்துவமனையில் நான் ஊசி எடுப்பதில்லை. முழுப் படிப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்க்கிறேன். போன வாரம் முழங்கால் வலியோடு வந்த ஒரு பாட்டி, "நீ ஊசியெல்லாம் படிச்சிருக்கியாமே, வச்சு விடேம்மா" என்றார். "எனக்கு இன்னும் அனுமதி இல்ல பாட்டி, டாக்டர்கிட்ட கடிதம் கேட்டுக் கெப்பாலா பத்தாஸ் போகலாம்" என்றேன். மாத்திரைப் பையைக் காட்டச் சொன்னேன். வார்ஃபரின் இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை அது. டாக்டருக்கு எழுதிய குறிப்பில் அதை முதல் வரியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன்.