40 லிங்க்ஸ் கால்வாயும் 17 மாத அலைச்சலும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நின்ற பிறகும் எங்கள் தெருவில் நான்கு நாட்கள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வடியாமல் நின்றது. காரணம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மேற்கே உள்ள ஏரியின் உபரிநீரைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிக் கொண்டுபோகும் கால்வாய், எங்கள் தெருமுனையில் ஒரு சுற்றுச்சுவருக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் 2024 ஜனவரியில் முதல் மனுவைக் கொடுத்தேன். 2025 ஜூன் மாதம்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சரியான தாள்களுடன் தொடங்கியிருந்தால் இதில் ஆறு மாதங்களாவது மிச்சமாகியிருக்கும் என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

முதல் மனுவிலேயே தவறு செய்தேன். ‘கால்வாய் ஆக்கிரமிப்பை அகற்றித் தர வேண்டும்’ என்று எழுதி, புகைப்படங்களை இணைத்து, எனக்குத் தோன்றிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் போனபோது அங்கிருந்த எழுத்தர் மனுவை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, “இது எங்க லிமிட்ல வராது சார்” என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார். எந்த அலுவலகத்தில் வரும் என்று கேட்டேன், பதில் இல்லை. அடுத்துப் போன அலுவலகத்திலும் அதே வாக்கியம்தான். உரிய இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டிய மனுவை இழுப்பறையில் கிடத்தியதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

சென்னையில் மழைநீர் ஒரே இரவில் நான்கைந்து துறைகளின் நிலத்தைக் கடந்து போகிறது. ஏரிகளும் ஆறுகளும் பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. சதுப்பு நிலத்தின் காப்புக்காடான பகுதி வனத் துறையிடம் இருக்கிறது. மனையில் என்ன கட்டலாம் என்று தீர்மானிப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. இவை எல்லாவற்றுக்கும் அடியில், புறம்போக்கு நிலம் அரசுடையது என்ற கணக்கை வைத்திருப்பது வருவாய்த் துறை. ஏரி ஆக்கிரமிப்பு என்றதும் பலரும் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைச் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் மனுவில் எழுதியிருந்தேன். ஆனால் அந்தச் சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்காக இயற்றப்பட்டது. எங்கள் கால்வாய்த் துண்டு எந்த ஏரியின் எல்லைக்குள்ளும் காட்டப்படாமல் தனிப் புல எண்ணில் (சர்வே எண்) இருந்தது. அதற்குப் பொருந்தியது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதன்படி 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு அறிவிப்பும், 6-ஆம் பிரிவில் வெளியேற்ற உத்தரவும் வர வேண்டும். எனவே மனு எழுதுவதற்கு முன்பே அந்தப் புல எண், நிலங்களின் வகையைக் குறிக்கும் வருவாய்த் துறைப் பதிவேடான அ-பதிவேட்டில் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அந்த ஒரு வரிதான் சட்டத்தையும் அலுவலகத்தையும் முடிவு செய்கிறது.

அ-பதிவேட்டு நகலை நேரில் கேட்டு இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தேன். 30 நாட்களில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகு அ-பதிவேட்டு நகலும், அந்த நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படமும் ஒரே உறையில் வந்தன. பதிவேட்டில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று தெளிவாக எழுதியிருந்தது. அன்று மாலை அந்தத் தாளைச் சங்கத்து உறுப்பினர்கள் எல்லோரிடமும் காட்டினேன்.

புலப்படத்தில் கால்வாயின் அகலம் 40 என்று குறித்திருந்ததை அடி என்று எடுத்துக்கொண்டு புதிய மனுவிலும் அப்படியே எழுதிவிட்டேன். சுவருக்குரிய எதிர்த்தரப்பு உடனே அதைப் பிடித்துக்கொண்டது. இந்த இடத்தில் 40 அடிக் கால்வாய் ஒருபோதும் இருந்ததில்லை, மனுவே பொய் என்று பதில் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது அடி இல்ல தம்பி, லிங்க்ஸ். ஒரு லிங்க் 0.66 அடி” என்றார். 66 அடிச் சங்கிலியை நூறு கண்ணியாகப் பிரித்து அளந்த காலத்துப் படம் அது. கணக்குப் போட்டால் 26.4 அடி, ஏறக்குறைய 8 மீட்டர். சுவரை ஒட்டி நாங்கள் நாடா பிடித்து அளந்தபோது தண்ணீர் போக மிச்சமிருந்தது 11 அடிதான். திருத்திய மனுவில் லிங்க்ஸ், அடி, மீட்டர் மூன்றிலும் அளவை எழுதினேன். பழைய புலப்படம் வாங்குகிறவர்கள் எந்த அலகில் அளந்தது என்று உறுதி செய்துகொள்ளாமல் ஓர் எண்ணையும் மனுவில் எழுத வேண்டாம்.

விசாரணையில் எதிர்த்தரப்பினர் பல ஆண்டுகளின் பி-மெமோ ரசீதுகளைக் கட்டாக எடுத்து வைத்து, அரசுக்கே பணம் கட்டி வருவதால் இடம் தங்களுடையது என்றனர். நான் கலங்கிப் போனேன். நில அளவர் மட்டும் அமைதியாக இருந்தார். பி-மெமோ என்பது அரசு நிலத்தை ஆக்கிரமித்ததற்காகப் போடப்படுவது. அதைக் கட்டியவர் இது அரசு நிலம் என்று ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று அவர் சொல்லித்தந்ததை எழுத்தாகக் கொடுத்தோம். இந்த வழக்கில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பலம் அவர்களே கொண்டுவந்த அந்தக் கட்டுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்த மனுவையும் இரண்டு படிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள், அலுவலகம் மனுவுக்குப் போடும் கோப்பு எண்ணான ந.க. எண் விழுந்ததும் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு யாரும் என்னிடம் ‘மனு வரவே இல்லை’ என்று சொல்ல முடியவில்லை.

அதிகாரிகள் அளக்க வந்த அன்று எல்லைக்கல் கிடைக்கவில்லை. கட்டிட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கியிருந்த இடத்தில் இரண்டு பேர் கடப்பாரையால் ஒரு மணி நேரம் தோண்டிய பிறகு, சுவருக்கு உட்புறம், தலையில் அம்புக்குறி தேய்ந்த ஒரு கருங்கல் தென்பட்டது. கல்லிலிருந்து எதிர்க்கரைக்கு அளவு ஏறக்குறைய 8 மீட்டர் வந்தது. அறிவிப்பு, உத்தரவு, அதன்மேல் எதிர்த்தரப்பின் மேல்முறையீடு என்று இன்னொரு மழைக்காலமும் கடந்தது. மேல்முறையீடு தள்ளுபடியான பின் இடிப்பு ஒரே காலையில் முடிந்தது.

சுவர் போன பிறகு அதற்குக் கீழ்ப்புறம் உள்ள சிறுபாலத்தில் 8 மீட்டர் கால்வாய்க்கு இரண்டே குழாய்கள்தான் பதித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பாலம் வேறொரு துறையுடையது. அதற்கான மனுவைப் புலப்படம், அ-பதிவேட்டு நகல், மூன்று அலகுகளிலும் எழுதிய அளவு ஆகியவற்றுடன் சென்ற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, முத்திரை வாங்கி வந்திருக்கிறேன்.