பார்வைக் கோணம்: கண்ணுக்குப் பிடித்தது அல்ல, கணக்குக்குப் பொருந்துவது

ரேசிங் சிமுலேட்டரில் (நிஜக் கார் ஓட்டுவதுபோன்ற பந்தய விளையாட்டில்) பார்வைக் கோணத்தை, அதாவது காட்சி எத்தனை டிகிரி அகலத்துக்குத் திரையில் தெரிய வேண்டும் என்ற அமைப்பை (FOV), ருசிக்கேற்ப வைப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. அது உங்கள் திரையின் அகலமும் கண்ணிலிருந்து அதன் தூரமும் தீர்மானிக்கும் எண்.

ஓட்டும் நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரைக்கு டேப் பிடியுங்கள். மானிட்டரின் சட்டத்தை விட்டுவிட்டு, படம் தெரியும் அகலத்தை மட்டும் அளவிடுங்கள். பாதி அகலத்தைத் தூரத்தால் வகுத்து, கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் (tan⁻¹) போட்டு, இரண்டால் பெருக்கினால் கிடைமட்டக் கோணம் கிடைத்துவிடும். 27 அங்குல 16:9 மானிட்டரின் அகலம் சுமார் 60 செ.மீ. கண் 60 செ.மீ. தள்ளி இருந்தால் 53 டிகிரி, 75 செ.மீ. என்றால் 44 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ஐரேசிங் என்ற சிமுலேட்டர் கிடைமட்டக் கோணத்தைக் கேட்கும். அசெட்டோ கோர்சா என்ற சிமுலேட்டர் கேட்பது செங்குத்துக் கோணம், அகலத்துக்குப் பதில் படத்தின் உயரத்தை வைத்துக் கணக்கிடுவது: அதே 60 செ.மீ. தூரத்துக்கு 31 டிகிரி. அங்கே 53 என்று போட்டால் எல்லாமே கெட்டுவிடும்.

கோணம் அதிகமானால் பாதையின் வளைவு தொலைவில் சிறியதாகத் தெரிந்து, திடீரென முகத்துக்கு வந்துவிடும். காரின் பின்பக்கம் வழுக்குவதும் திரையில் சிறியதாகவே தெரியும், ஸ்டீயரிங்கைத் திருப்பப் பிந்திவிடும். பிரேக் புள்ளி (வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும் இடம்) ஒவ்வொரு சுற்றிலும் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரியான கோணத்தில் முதலில் வேகம் குறைந்ததுபோல இருக்கும், பக்கக் கண்ணாடிகள் மறைந்துவிடும். அதற்காகக் கோணத்தைக் கூட்டாதீர்கள். விர்ச்சுவல் மிரரை (திரையின் மேலே பின்பக்கத்தைக் காட்டும் கண்ணாடியை) போடுங்கள், பக்கம் பார்க்கும் பட்டன்களை ஸ்டீயரிங்கில் வையுங்கள். இன்னும் அகலமாகத் தெரிய வேண்டுமென்றால், மானிட்டரை வீல் பேஸுக்கு (ஸ்டீயரிங் பொருத்தியிருக்கும் மோட்டார் பெட்டிக்கு) பின்னால் ஒட்டினாற்போல இழுத்து வைத்து மறுபடி அளவிடுங்கள்.