வார்டுல பேசினதை டேப்லெட்ல ஏத்தின கதை

நான் சேலத்துல ஒரு ஆஸ்பத்திரில பாஸ்டரல் கேர் வேலை பாக்கறேங்க. அப்படின்னா என்னன்னு எங்க சொந்தக்காரங்களுக்கே இன்னும் புரியல, நர்ஸான்னு கேப்பாங்க, இல்லைங்க, பெட்டு பெட்டா போயி உக்காந்து பேசறது, கேட்டா ஜெபம் பண்றது, கேக்கலைன்னா பண்ணாம இருக்கறது, அவ்ளோதான். 11 வருஷமா எல்லாம் ஒரு நீள நோட்டுலதான் இருந்துச்சு. தேதி, பெட் நம்பர், "பேசினேன், அழுதாங்க, ஜெபம்."

போன வருஷம் என்ஏபிஹெச்காரங்க, அதாவது ஆஸ்பத்திரித் தரத்தைப் பாத்து அங்கீகாரம் குடுக்கறவங்க, வர்றாங்கன்னு ஒரே பரபரப்பு. நோயாளியோட ஆன்மிகத் தேவைய மதிக்கணும்ங்கறது அதுல நோயாளி உரிமைலயே வருது, சரி மதிச்சதுக்கு ரெக்கார்டு எங்கன்னு கேட்டா என் நோட்டைத்தான் நீட்டணும், என் கையெழுத்து எனக்கே புரியாது. "எழுதலைன்னா செய்யலைன்னுதான் அர்த்தம்"னு நர்சிங் சூப்பரின்டெண்ட் முடிச்சிட்டாங்க.

நான் என்ன பண்ணேன், என் போன்லயே ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு பேரு, வியாதி, வீட்டுச் சண்டை எல்லாத்தையும் ஏத்திட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஐடி தம்பி பாத்துட்டு, "அக்கா, இது உங்க சொந்த மெயில்ல இல்ல போயி உக்காருது"ன்னார். அதே போன்லதான் என் பையன் கேம் ஆடுவான். வயித்தைப் பெசஞ்சிருச்சு. அன்னிக்கே அழிச்சாச்சு, இப்ப ஆஸ்பத்திரி டேப்லெட், பேரு கிடையாது, ஐபி நம்பர் (உள்நோயாளி நம்பர்) மட்டும்.

நோயாளிகிட்ட கேக்கற கேள்விக்கு ஃபைகான்னு ஒரு கேள்வி முறைய எடுத்துக்கிட்டோம், 1996ல அமெரிக்க டாக்டர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி உருவாக்கினது. நம்பிக்கை என்ன, அது எவ்ளோ முக்கியம், கூட யார் இருக்காங்க, நாங்க என்ன செய்யணும், நாலே கேள்வி. ஆனா "உங்க நம்பிக்கை என்ன"ன்னு அப்படியே கேட்டா நம்மூர்ல ஆளு சுருங்கிடுவாங்க, மதம் மாத்த வந்திருக்கான்னு நெனைப்பாங்க. "எதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை நாள் தாக்குப் பிடிச்சீங்கம்மா"ன்னு மாத்தினேன். அம்மாப்பேட்டை தறிக்காரம்மா ஒருத்தங்க, "கோட்டை மாரியம்மனும் என்ற மருமவளும்"னாங்க. ஃபார்ம்ல மருமகளுக்கு ஆப்ஷன் இல்ல.

வாய்ஸ் டைப்பிங் பத்தி பேசாதீங்க. காரிடார்ல நின்னு சொல்லிட்டே இருந்தேன், திரும்பிப் பாத்தா அந்த நோயாளியோட மச்சானே பின்னாடி நிக்கறார்.

எல்லாத்தையும் விட எதை எழுதக்கூடாதுங்கறதைக் கத்துக்கத்தான் நாளாச்சு. ஒருத்தர் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாம சீட்டுல வாங்கின கடனைச் சொல்லி அழுதார், நானும் வரிக்கு வரி ஏத்திட்டேன், அப்புறம்தான் உறைச்சுது, ட்யூட்டி டாக்டர்ல இருந்து வார்டு நர்ஸ் வரைக்கும் இதைத் தொறக்கலாமேன்னு. இப்பல்லாம் "வீட்டுல சொல்லாத கவலை ஒண்ணு இருக்கு, தூக்கமில்ல, நாளைக்கு மறுபடி பாக்கணும்", இவ்ளோதான். டாக்டருக்கு அது போதும், மீதி எனக்கும் அந்த நோயாளிக்கும்.

மாசம் ரெண்டு தடவை பாலியேட்டிவ் டீமோட (தீராத வியாதிக்காரங்களோட வலி, கஷ்டத்தைக் கொறைக்கறவங்க) ஏற்காடு பக்கம் வீடுகளுக்குப் போவோம். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி உள்ளூர் ரோட்டுல திரும்பினா டவரே இருக்காது, டைப் பண்ணதெல்லாம் போயிடும். தம்பி கோபோகலெக்ட்னு ஒரு ஆப் போட்டுக் குடுத்தார், சிக்னல் இல்லாட்டியும் டேப்லெட்லயே சேத்து வெச்சிக்கும், கீழ எறங்கினதும் அனுப்பிக்கலாம். இலவசம்தான், கேள்வியெல்லாம் தமிழ்லயே வெச்சுக்கலாம்.

ஆஸ்திரேலியால இந்த வேலைக்கு 2002லயே வகை வகையா குறியீடு (code) வெச்சுட்டாங்களாம், மதிப்பீடு, ஆதரவு, ஆலோசனை, சடங்குன்னு. நாங்களும் அதையே பிரிச்சு வெச்சோம், ஆனா மாசக் கடைசில பாத்தா பாதி என்ட்ரி "மற்றவை"ல கெடக்கு. என்னக்கா இதுன்னு தம்பி கேட்டார். பல நாள் நான் ஒண்ணும் பண்றதில்ல தம்பி, கையப் பிடிச்சுட்டு சும்மா உக்காந்திருப்பேன்னேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்துட்டு, "கூட இருந்தேன்"னு ஒரு பட்டன் சேத்துக் குடுத்தார். பக்கத்துலயே எத்தனை நிமிஷம்னு ஒரு கட்டமும் வெச்சுட்டார், அதை இன்னும் நான் சரியா நெரப்பறதில்ல.