லேபில் மிச்சமிருக்கும் சோடியம் விளக்குகளை அளந்தபோது

பி.எஸ்சி. இயற்பியல் படித்த யாருக்கும் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியின் அலைநீளமான 5893 ஆங்ஸ்ட்ராம் என்ற எண் மறக்காது. நியூட்டன் வளையம், கிரேட்டிங், ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாவற்றுக்கும் அந்த மஞ்சள் விளக்குதான். குறையழுத்த சோடியம் விளக்கைக் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த நிறுவனமும் 2019-ஓடு நிறுத்திவிட்டது. எங்கள் துறை அலமாரியில் இருக்கும் 35 வாட் விளக்குகளில் எது திடமாக இருக்கிறது, எது தேய்ந்துவிட்டது என்று தெரியாமலே ஒவ்வொரு செமஸ்டரும் எரித்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. தேர்வு விடுமுறையில் ஒவ்வொன்றையும் எடுத்து மின்னழுத்தம், மின்னோட்டம், திறன் மூன்றையும் அளந்து பதிவேட்டில் ஏற்றினேன். இதே வேலையைச் செய்ய நினைக்கும் லேப்காரர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் பாதுகாப்பு. விளக்கோடு வரும் அந்தக் கனமான பெட்டிக்குள் இருப்பது சாதாரண சோக் இல்லை, கசிவு டிரான்ஸ்பார்மர்: பற்றவைக்க அதிக வோல்டேஜ் கொடுத்து, பற்றிய பிறகு கரண்டைக் கட்டுப்படுத்துவது. விளக்கு பற்றுவதற்கு முன்னால் அதன் வெளியீட்டில் சுமார் 480 வோல்ட் நிற்கும். உச்சம் என்று பார்த்தால் 680 வோல்ட்டுக்குப் பக்கம். ஸ்கோப்போடு (அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) வரும், வோல்டேஜைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10:1 புரோப்கள் பலவும் இதைத் தாங்கும் என்று எழுதப்பட்டவை அல்ல. நான் 100:1 புரோப் இரண்டு வாங்கிய பிறகுதான் ஆரம்பித்தேன். இன்னொன்று, அது ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வகை. அதாவது மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படாதது. ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை விளக்கின் ஏதோ ஒரு முனையில் மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் மொத்த அமைப்பையும் மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாக ஓட்டினேன். 35 வாட் விளக்குதானே என்று 100 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு) டிரான்ஸ்பார்மரை எடுத்துவிடக் கூடாது. 500 விஏ வேண்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது.

மின்னோட்டத்துக்கு 1 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை விளக்கோடு தொடராக வைத்தேன். விளக்கும் மின்தடையும் சேரும் இடத்தில் எர்த் கிளிப், விளக்கின் மறுமுனையில் முதல் சேனல், மின்தடையின் மறுமுனையில் இரண்டாவது சேனல். இரண்டாவதைத் தலைகீழாக்கிவிட்டால் வோல்டேஜும் கரண்டும் ஒரே திரையில் ஒழுங்காக நிற்கும்.

சுவிட்ச் போட்டதும் வருவது சிவப்பு ஒளி. அது நியான். குழாய்க்குள் நியானோடு ஒரு சதவீதம் போல ஆர்கான் கலந்திருக்கிறது, பற்றுவதற்காக. சோடியம் அப்போது குழாயின் சின்னச் சின்னக் குழிகளில் வெள்ளி மணிகளாக ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். 98 டிகிரியில் உருகி, சுவர் 260 டிகிரிக்குப் பக்கம் சூடேறும்போதுதான் தேவையான ஆவி கிடைக்கிறது. நியானை அயனியாக்க 21.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், சோடியத்துக்கு 5.1 போதும். ஆவி போதுமான அளவு வந்ததும் சோடியமே முழுக்க வேலையை எடுத்துக்கொள்கிறது. ஆகவே சிவப்பில் எடுக்கும் ரீடிங் நியான் விளக்கின் ரீடிங்தான். மஞ்சள் வந்த உடனேயும் குறித்துக்கொள்ளாதீர்கள். கால் மணி நேரத்துக்கு மேல் விட்டு, வோல்டேஜ் நகராமல் நின்ற பிறகு எழுதுங்கள். எரியும்போது விளக்கை ஆட்டவோ நகர்த்தவோ கூடாது, உள்ளே இருப்பது உருகிய சோடியம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அலைவடிவம். கரண்ட் ஏறக்குறைய சைன் அலை. வோல்டேஜ் அப்படியே வேறு: ஒவ்வொரு அரைச்சுற்றின் தொடக்கத்திலும் ஒரு கூர்முனை, அதன்பின் மேசை போலத் தட்டை. கரண்ட் பூஜ்யத்தைத் தொடும்போது விளக்கு அணைந்து, மறுபடி பற்றுவதுதான் அந்தக் கூர்முனை. நொடிக்கு 100 முறை இது நடக்கிறது. ஆய்வகத்தில் இத்தனை வருடமாக இதைக் காட்டாமல் வளையங்களை மட்டும் எண்ண வைத்திருக்கிறோமே என்று தோன்றியது.

மல்டிமீட்டர் பிரச்சினையும் இங்கேதான் வருகிறது. விலை குறைந்த மீட்டர்கள் சராசரியை அளந்து, சைன் அலை என்று எண்ணிக்கொண்டு 1.11-ஆல் பெருக்கிக் காட்டும். சுத்தமான சதுர அலையில் அது 11% கூடுதலாகக் காட்டிவிடும். இங்கே கூர்முனையும் சேர்ந்திருப்பதால் பிழை எவ்வளவு என்று ஊகிக்கவும் முடியாது. அலை எந்த வடிவத்தில் இருந்தாலும் சரியான மதிப்பைக் காட்டும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் கட்டாயம்.

35 வாட் விளக்குக்கு எதிர்பார்க்க வேண்டியது சுமார் 70 வோல்ட், 0.6 ஆம்பியர். பெருக்கினால் 42. ஆனால் விளக்கு எடுப்பது 35 வாட் அளவுதான். வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் இடையே சொல்லும்படியான கட்ட வேறுபாடு திரையில் இல்லை. பிறகு மீதி எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, இரண்டு அலைகளின் வடிவமும் ஒன்றாக இல்லை, அவ்வளவுதான். ஒரு சதுர அலையும் சைன் அலையும் கட்டம் மாறாமல் இருந்தால்கூடத் திறன் காரணி (உண்மைத் திறனை வோல்ட்-ஆம்பியர் பெருக்கலால் வகுத்தது) 0.9-தான் வரும். கூர்முனை சேர்ந்ததும் 0.83-க்கு இறங்குகிறது. ஆகவே மீட்டர் ரீடிங்குகளைப் பெருக்கித் திறன் என்று எழுதாதீர்கள். ஸ்கோப்பில் இரண்டு சேனலையும் பெருக்கி, முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுங்கள்.

அப்புறம் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் வைத்து சப்ளையை 210-லிருந்து 240 வரை ஏற்றிப் பார்த்தேன். கரண்ட் கூடக் கூட விளக்கின் வோல்டேஜ் கொஞ்சம் இறங்குகிறது. ஒன்று மற்றதை ஈடுகட்டுவதால் திறன் பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு படியிலும் விளக்கு நிலைக்கு வர நேரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு கோணலாக வரும்.

சப்ளை பக்கம் அளந்தால்தான் அந்த 500 விஏ புரியும். கெபாசிட்டர் இல்லாத பெட்டி 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர் போல இழுக்கிறது, 300 விஏ. திறன் காரணி 0.3-ஐக்கூடத் தொடவில்லை. வோல்டேஜுக்குப் பின்தங்கி வரும் இந்தக் கரண்டை ஈடுகட்டத்தான் கெபாசிட்டர்: 20 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸில், எதிர்த்திசையில் 1.4 ஆம்பியரைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பதால் இதற்குப் பெரும்பாலும் அது சரியாகப் பொருந்துகிறது. பெட்டிகளில் சிலவற்றில் அந்தக் கெபாசிட்டர் காய்ந்து போயிருந்தது. மாற்றினோம்.

விளக்குகளைத் தரம் பிரித்தது இப்படி: வயதாக ஆக இந்த விளக்கின் வோல்டேஜும் திறனும் ஏறும். 70-ஐ ஒட்டி நின்றவை முதல் வரிசை. அதைவிடத் தெளிவாக ஏறியிருந்தவை இரண்டாவது. ஒரு விளக்கில் மட்டும் மேல் பாதி அலையும் கீழ்ப் பாதி அலையும் உயரத்தில் வேறுபட்டன, ஒரு பக்க மின்முனையின் பூச்சு தேய்ந்ததன் அடையாளம். கண்ணுக்கு அதுவும் மற்றவற்றைப் போலவே மஞ்சளாகத்தான் எரிகிறது. அதை வகுப்பில் அலைவடிவம் காட்ட ஒதுக்கிவிட்டு, முதல் வரிசை விளக்குகளைப் பல்கலைக்கழகப் பிராக்டிகல் தேர்வுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.