மே மாதத்து மூன்று நாள்

மே 1, வியாழன்

தொழிலாளர் தின விடுமுறை. கடைத்தெருவில் பசியாறப் போன இடத்தில் அண்ணனைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தியவர், இப்போதும் கடைப் பலகையில் ஒற்று விட்டுப்போனால் தே தாரிக் இறங்காது அவருக்கு. பேச்சு 1987 அக்டோபருக்குப் போனது. மலேசிய அரசு பலரைப் பிடித்து உள்ளே வைத்த ஓப்பராசி லாலாங்கில் ஸ்டார், சின் சியூ, வாத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகளுக்கும் வெளியீட்டு பெர்மிட் போய்விட்டது, திரும்பக் கிடைத்தது மறு மார்ச்சில்தான். “நம்ம பத்திரிகையை யாரும் தொடல தம்பி. ஆனா மறுநாள்லேர்ந்து ஆசிரியர் அடிக்கிறதுக்கு முன்னாடி நானே வரியை அடிச்சிடுவேன்.” 1984 அச்சகச் சட்டப்படி வருஷா வருஷம் பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தத் தொல்லை 2012இல்தான் ஒழிந்தது, பெர்மிட் ஒழியவில்லை.

மே 2, வெள்ளி

2006இல் இதே நாளில்தான் யாழ்ப்பாணத்து ‘உதயன்’ நாளிதழ் அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஊழியர்கள் இருவரைக் கொன்றார்கள். அந்த வாரம் யுனெஸ்கோ பத்திரிகைச் சுதந்திர நாளைக் கொண்டாடிய ஊர் எது தெரியுமா? கொழும்பு! கார்க்குண்டில் இடது கையையும் காலையும் இழந்த லெபனான் செய்தியாளர் மே சிடியாக்குக்கு அங்கே விருது கொடுத்தார்கள், அந்த விருதே 1986இல் கொலம்பியாவின் போகோட்டாவில் தன் அலுவலகத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்ட ஆசிரியர் கில்லெர்மோ கானோவின் பெயரில் உள்ளது. இதைப் படித்த பிறகு வேலை ஓடவில்லை.

மே 3, சனி

இன்று பத்திரிகைச் சுதந்திர நாள், வாழ்த்துப் படங்கள் காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. நான் என்ன செய்தேன்? ஒரு கோயில் கணக்கு பற்றி எழுதியதில் நான்காம் பத்தியை நானே எடுத்துவிட்டேன், யாரும் மிரட்டவில்லை, போன்கூட வரவில்லை. மலேசியாகினி இணையச் செய்தித் தளத்துக்கு 2021இல் வாசகர்கள் போட்ட ஐந்து கருத்துக்காக 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விழுந்தபோது மக்கள் சில மணி நேரத்தில் பணத்தைக் கொட்டினார்கள். சரி, எனக்கு யார் கொட்டுவார்கள்?

ராத்திரி அந்தப் பத்தியை மட்டும் அண்ணனுக்கு வாட்சப்பில் அனுப்பினேன். அவர் பதிலில் போடலாமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை இல்லை. “‘நிதி கணக்கு’ இல்ல, ‘நிதிக் கணக்கு’. க் போடு.”

போட்டேன்.