மாரண்டஅள்ளி தக்காளிக்கு ஒரு வண்டி

5 அக்டோபர் 2025, ஞாயிறு

சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. தக்காளி விலை விழுந்தாலும் வண்டி வாடகை விழுவதில்லை. ராயக்கோட்டை மண்டியில் பெட்டி நூறு ரூபாய்க்குப் போகிற நாளிலும் அதே வாடகைதான். செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், வாங்குவதென்றால் இதுதான் நேரம்.

எந்த வண்டி என்பதில்தான் இழுபறி. அப்பாவுக்குக் குட்டியானையே போதும். டாடா ஏஸ் 2005-இல் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் ஊருக்கு நாலு ஓடுகிறது, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுவார். தம்பிக்கு பொலேரோ பிக்கப் மேல் கண். "அக்கா, மேட்டுல அது ஏறுற மாதிரி எதுவும் ஏறாது" என்கிறான். கணக்கு நோட்டு என் கையில் இருப்பதால் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது.

7 அக்டோபர், செவ்வாய்

பக்கத்துத் தோட்டத்து ஏஸில் காலிப் பெட்டிகளை அடுக்கிப் பார்த்தோம். பாடி ஏழு அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். நீளத்தில் நாலு, அகலத்தில் நாலு என ஒரு அடுக்குக்குப் பதினாறு பெட்டி கச்சிதமாக உட்காருகிறது. இரண்டடுக்கு வைத்தால் 32. பார்க்க வண்டி பாதி காலியாகத்தான் தெரிகிறது.

ஆனால் பழம் 25 கிலோ, பெட்டி 2 கிலோ என்று வைத்தால் 32 பெட்டி 864 கிலோ ஆகிவிடும். இந்த ஏஸ் சுமக்கக்கூடியது 750 கிலோதான். அதாவது 27 பெட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மண்டியில் மூன்றடுக்கு ஏற்றி, பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் வருகிற ஏஸ்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, மேற்கொண்டு டன்னுக்கு 2,000. அபராதத்தைக்கூட விடுங்கள். சேலம் மண்டிக்குப் போகிற நாளில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்தப் பாரத்தோடு என் தம்பி பிரேக் மிதிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

11 அக்டோபர், சனி

பெரியப்பா மகன் அண்ணன் அசோக் லேலண்ட் தோஸ்த் ப்ளஸ் வண்டி வைத்திருக்கிறார். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதனால் நாங்களே அளந்தோம். பங்கில் நாசில் தானாக நிற்கும்வரை டீசல் நிரப்பி, லோடோடு ஓசூர் போய், காலியாகத் திரும்பி, அதே பங்கில் அதே பம்பில் மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்பினோம். ஓடிய கிலோமீட்டரைப் பிடித்த லிட்டரால் வகுத்தால் 14 வந்தது.

போகிறபோது மீட்டரைவிட எஞ்சின் சத்தத்தைத்தான் கவனித்தேன். தர்மபுரியைவிட ஓசூர் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம். நம் சரக்கு மேட்டில் ஏறுகிறது, காலி வண்டி பள்ளத்தில் இறங்குகிறது. கம்பெனி சொல்லும் மைலேஜில் இந்த மேடு கிடையாது. அண்ணன் அறுபதைத் தாண்டவே இல்லை. டயர் காற்றையும் கிளம்பும் முன் பார்த்துவிட்டார். "எண்பதுல போனா மைலேஜ்ல ரெண்டு கிலோமீட்டர் குறைஞ்சிடும்மா" என்றார்.

தோஸ்த் 2011-இல் நம்ம ஓசூர் ஆலையில்தான் பிறந்தது. உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பதும் எனக்குப் பெரிய விஷயம்.

12 அக்டோபர், ஞாயிறு

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் ஏஸ்தான் முதலில் வரும். ஓட்டுகிறவர்கள் சொல்வதை வைத்து ஏஸ் 18, பொலேரோ 12 என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது அந்தக் கணக்கு இல்லை. ஒரு பெட்டி மண்டிக்குப் போக எவ்வளவு டீசல்?

போக வர 30 கிலோமீட்டர். நல்ல அறுப்பு நாளில் 50 பெட்டி. தோஸ்த் ஒரே நடையில் ஏற்றிவிடும். 1,350 கிலோ அதற்குத் தாங்கும். டீசல் 2.1 லிட்டர், பெட்டிக்கு 43 மில்லி. ஏஸ் இரண்டு நடை போக வேண்டும், 3.3 லிட்டர், பெட்டிக்கு 67 மில்லி. இரண்டாவது நடை போய்ச் சேர்வதற்குள் ஏலம் பாதி முடிந்திருக்கும் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? பொலேரோவில் 1.7 டன் மாடல் 62 பெட்டி கொள்ளும், ஆனால் நம்மிடம் இருப்பது 50தான். அதனால் பெட்டிக்கு 50 மில்லி. அதன் 2.5 லிட்டர் எஞ்சின் வலிமையானது, மறுவிற்பனையும் நன்றாக இருக்கும். தம்பி சொல்வதில் தப்பில்லை. ஏற்றாத பாரத்துக்கும் சேர்த்து நாம் காசு கட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

20 பெட்டி மட்டும் போகிற நாளில் ஏஸ் ஜெயிக்கிறது, பெட்டிக்கு 83 மில்லி. தோஸ்த் 107. அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொள்ளலாம்.

17 அக்டோபர், வெள்ளி

மழை. தோட்டத்தில் வேலை இல்லை.

மாருதி சூப்பர் கேரி பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். பெட்ரோல் வண்டி, 740 கிலோ, 1.2 லிட்டர் நாலு சிலிண்டர். சத்தம், அதிர்வு குறைவு. ஊருக்குள் பால், மளிகை எடுப்பவர்களுக்கு நல்லது. சிஎன்ஜியில் செலவு இன்னும் குறையும், ஆனால் சிலிண்டர் எடையால் பாரம் 625 ஆகிவிடும். நமக்கு 23 பெட்டி. கேஸ் போட நெடுஞ்சாலைக்கும் போக வேண்டும். டாடா இன்ட்ரா வி30 மட்டும் கடைசிவரை போட்டியில் இருந்தது. 1,300 கிலோ, 48 பெட்டி, தோஸ்துக்குப் பக்கத்திலேயே வருகிறது.

மச்சானுக்கு கார் ஓட்டும் உரிமம் மட்டுமே இருக்கிறது. அது போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்எம்வி (இலகுரக வாகன) உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

26 அக்டோபர், ஞாயிறு

தோஸ்த் ப்ளஸ். அப்பா நோட்டை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, "சரி, ரெண்டாவது நடை மிச்சம்" என்றார். தம்பி ஓசூர் மேட்டில் தானே ஓட்டிப் பார்த்தபிறகு ஒப்புக்கொண்டான். பழைய வண்டி பார்க்கலாமா என்று மாமா கேட்டார். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூட என்பதால் வேண்டாம் என்றேன்.

புதன்கிழமை முன்பணம். பாடியைச் சுற்றிக் கம்பித் தடுப்பு வெல்டிங் வைக்க வேண்டும். தடுப்பு எத்தனை கிலோ என்று எடைபோட்டு, அந்த எடைக்கு ஈடாகப் பெட்டியைக் குறைத்து ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.