பழைய சஃபாரியை ஓர் அங்குலம் தூக்கினேன்

வண்டி 2003 மாடல் டாடா சஃபாரி, 2 லிட்டர் டீசல், பின் சக்கர டிரைவ் மட்டும். வீடு சேலத்தில், கன்னங்குறிச்சிப் பக்கம். மாமனாருக்கு ஏற்காட்டில் நாகலூர் தாண்டி கொஞ்சம் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியும் உண்டு. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. மழை முடிந்ததும் டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுவில் முதுகு மாதிரி மேடு நிற்கும். போன வருஷம் அறுவடை நேரத்தில் நாலு மூட்டை காப்பியோடு இறங்கும்போது வண்டியின் வயிற்றில் கல் உரசிய சத்தத்தை இன்னும் மறக்க முடியவில்லை. சரி, தூக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். பட்ஜெட் 15,000 ரூபாய், அதற்கு மேல் வீட்டில் அனுமதி இல்லை.

கொண்டலாம்பட்டிப் பக்கம் லாரி வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஏத்துறதுக்கு முன்னாடி இறங்கினது எவ்வளவுன்னு பாருங்க" என்று டேப்பைக் கையில் கொடுத்தார். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்கச் சொன்னார். டயர் காற்று கூடக் குறைய இருந்தாலும் இந்த அளவு மாறாது என்பதால் தரையிலிருந்து அளப்பதைவிட இதுதான் நல்லது. முன் இடது 45 சென்டிமீட்டர், முன் வலது 46.5, பின்னால் இரண்டும் 48. இத்தனை நாளாக வண்டி ஒரு பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

இந்த சஃபாரியில் முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார். சேஸியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, நீளவாக்கில் படுத்திருக்கும் ஒரு இரும்புக் கம்பி, அது முறுக்கிக்கொள்வதுதான் ஸ்பிரிங். அதன் ஒரு முனையில் இருக்கும் அட்ஜஸ்டிங் போல்ட்டை முறுக்கினால் வண்டியின் முன்பக்கம் எழும்பும், பைசா செலவில்லை. பின்னால் காயில் ஸ்பிரிங், அதற்கு மேலே ஒரு ஸ்பேசர், அதாவது இடைக்கட்டை, வைத்தால் போதும். சொல்லும்போது ஒரு மத்தியான வேலை மாதிரிதான் இருந்தது!

முதலில் போல்ட்டே வரவில்லை. இருபது வருஷத்துச் சேறும் துருவும். மூன்று நாள் துருநீக்கி அடித்து ஊறவைத்தும் வலது பக்க போல்ட்டின் தலை வழுக்கிவிட்டது, அதை வெல்டிங் வைத்துக் கழற்றிப் புதுசு போட்டதில் ஒரு நாள் போனது. ஒன்று மட்டும் சொல்கிறேன், சேஸிக்கு ஸ்டாண்டு கொடுத்து முன் சக்கரங்கள் தொங்கும்படி வைத்துவிட்டுத்தான் அந்த போல்ட்டைத் தொட வேண்டும், பாரத்தோடு முறுக்கினால் மரை போய்விடும். எங்கே ஆரம்பித்தோம் என்று பெயிண்டில் கோடு போட்டு, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே இறக்கியதும் உடனே அளக்கவும் கூடாது. சக்கரங்கள் கால் மடக்கின மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும், முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டியபிறகுதான் உண்மையான உயரம் தெரியும்.

ஸ்பேசர் வேலை இதைவிடச் சுலபம். லேத் பட்டறையில் நைலான் கட்டையில் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு இரண்டு கடைந்து வாங்கினேன். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உட்காருவதற்குக் காடி வெட்டச் சொன்னேன், இல்லாவிட்டால் ஸ்பிரிங் நகர்ந்துகொண்டே இருக்கும். பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்ததால் அதையும் மாற்றியாயிற்று.

அப்புறம் ஆசை வந்தது. போல்ட்தானே, இன்னும் கொஞ்சம் முறுக்கினால் என்ன என்று முன்னால் இரண்டு பக்கமும் 50 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனேன். அண்ணன் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது. அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி முதல் வேகத்தடையிலேயே கீழே இருந்து 'டக்' என்று சுத்தியல் அடித்த மாதிரி சத்தம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை, கையால் இழுத்துக்கொண்டே போனேன். காரணம் பிறகுதான் புரிந்தது. போல்ட்டை முறுக்குவதால் டார்ஷன் பார் நீளமாவதும் இல்லை, சக்கரம் ஏறி இறங்கும் மொத்தத் தூரம் கூடுவதும் இல்லை. வண்டி நிற்கும் இடம் மட்டும்தான் மேலே போகிறது, அதனால் சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சம் இருக்கும் தூரம் குறைந்து ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் போய் தடுப்பு ரப்பரில் இடிக்கிறது. கேம்பரும், அதாவது சக்கரம் நிற்கும் சாய்வும் மாறி, சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு வாரத்தில் முன் டயர்களின் வெளி ஓரம் கையால் தடவினாலே தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

திரும்ப இறக்கினேன். ஆர்ம் சேஸியோடு சேரும் இடத்தில் இருக்கும் புஷ்களைப் பிரித்துப் பார்த்தால் ரப்பர் கருவாடு மாதிரி காய்ந்து பிளந்து கிடந்தது. புது புஷ் போட்டு, முன்னால் இரண்டு பக்கமும் 48-இல் நிறுத்தினேன். இடது பக்கம் 3 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, வலது ஒன்றரை. அதாவது பாதி வேலை பழைய உயரத்தை மீட்டதுதான். அலைன்மெண்ட் இரண்டாவது முறை செய்து, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து கேம்பரைச் சரிசெய்தார்கள். முதல் முறை செய்த கடையில் டோ, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை, மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள், அந்தக் காசு போனது போனதுதான்.

மலை ஏறி இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது பிரேக். என் வண்டியில் பின் ஆக்சிலிலிருந்து சேஸியில் இருக்கும் ஒரு வால்வுக்குக் கம்பி போகிறது. பாரம் ஏறி பின்பக்கம் இறங்கினால் பின் சக்கரங்களுக்கு அதிக பிரேக், காலியாக எழும்பி நின்றால் குறைவு, அதைப் பார்த்துக்கொள்வது இந்த வால்வுதான். ஸ்பேசர் வைத்ததும் வண்டி எப்போதும் காலி என்று அது நினைத்துக்கொண்டது. நாகலூரிலிருந்து மூட்டைகளோடு இறங்கும்போது முன்பக்கம் மட்டும் மூக்கைக் குத்துவதும் பின் பிரேக் சோம்பலாக இருப்பதும் காலில் தெரிந்தது. கம்பியின் பிடிமானத்தை 25 மில்லிமீட்டர் மேலே ஏற்றி மாட்டியபிறகுதான் சரியானது. பின் சக்கரங்களைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், எனக்கு ஹோஸில் நீளம் மிச்சம் இருந்தது.

தூக்கியதால் பின் ஆக்சிலின் நடுவில், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஒரு நூல்கூட எழும்பவில்லை. அது சக்கரத்தோடு சேர்ந்தது, அதை ஏற்ற பெரிய டயர் ஒன்றுதான் வழி. இப்போது இருக்கும் 235/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர். 31 அங்குல டயர் போட்டால் 787, அதில் பாதிதான், அதாவது 27 மில்லிமீட்டர் கிடைக்கும். அந்த டயர் விலைக்கு என் பட்ஜெட்டைப் போல மூன்று வேண்டும், இந்த இன்ஜினுக்கு அந்தப் பெரிய சக்கரத்தை மலையில் இழுக்கத் தெம்பும் போதாது. அதனால் பாதையின் நடு மேட்டில் டிஃபரன்ஷியலின் கூடு இடிக்காதபடி ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி ஓட்டுகிறேன்.

கணக்கு: ஸ்பேசர் 1,800, புஷ் 3,200, ஷாக் 3,600, போல்ட் 150, கூலி 2,500, அலைன்மெண்ட் இரண்டு தடவை 1,200. மொத்தம் 12,450. டீ, பன் செலவு தனி. இன்னொன்று, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கட்டுப்பாடு வைத்திருக்கிறது. எதையும் வெட்டி ஒட்டவில்லை, எல்லாமே கழற்றக்கூடியது என்றுதான் நான் மனசைத் தேற்றிக்கொள்கிறேன், நீங்கள் இறங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ.விலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் நாலு மூட்டை, 200 கிலோ ஏற்றி இறங்கினேன். பின்பக்கம் 50.5-இலிருந்து 47.5-க்கு இறங்கியது, முன்பு காலி வண்டி நின்ற உயரத்துக்குக் கிட்டத்தட்ட அதே. வயிற்றில் ஒரு கல்லும் படவில்லை. மாமா திருப்தி. அத்தைதான் கதவைப் பிடித்து ஏற முடியாமல் நின்று, "ஏனுங்க மாப்ள, இனி இதுல ஏற முக்காலி வேணுமாட்ட இருக்குதே" என்றார். இப்போது டிக்கியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடக்கிறது. போன ஞாயிறு டேப் வைத்தபோது முன் இடது 47.6. அரைச் சுற்று முறுக்க வேண்டும்.